ஸ்பைடர்மேனை ஆடி முடித்த பிறகு என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

2018-இல் வெளிவந்த ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ என்னும் வீடியோ விளையாட்டை நான் மிகவும் தாமதமாக, சம்பா அறுவடை முடிந்து ஊர் ஓய்ந்திருந்த மாசி மாதத்தில்தான் ஆடி முடித்தேன். மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் இதை விளையாடியவர்கள் குறைவு. ஆனால் நான் முடித்துவிட்டேன் என்பதை அறிந்தவுடன் நண்பர்களும், சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளும், என் அம்மாவும்கூடக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதிவைக்கிறேன். கதையின் முடிவு வரை பேசியிருப்பதால், இனிமேல்தான் ஆடப்போகிறவர்கள் கதையையும் முடிவையும் பற்றிய கேள்விகளைத் தாண்டிச் செல்வது நல்லது.

ஸ்பைடர்மேன் பெயரில் எத்தனையோ விளையாட்டுகள் இருக்கின்றனவே, இது எது?

அமெரிக்காவின் இன்சோம்னியாக் கேம்ஸ் உருவாக்கி, சோனி நிறுவனம் 2018 செப்டம்பர் 7 அன்று பிளேஸ்டேஷன் 4-க்காக வெளியிட்ட விளையாட்டு இது. மெருகேற்றப்பட்ட பதிப்பு 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5-க்கும், 2022 ஆகஸ்டில் கணினிக்கும் வந்தது. நான் ஆடியது கணினிப் பதிப்பு. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் படைத்த பாத்திரம்தான் என்றாலும், இதன் கதை எந்தத் திரைப்படத்தின் தொடர்ச்சியும் அன்று. சிலந்தி கடித்தது, அவனை வளர்த்த பென் இறந்தது என்று நாம் பலமுறை பார்த்த தொடக்கத்தை இவர்கள் மறுபடி சொல்லவே இல்லை. ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கருக்கு இதில் 23 வயது. முகமூடி அணியத் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பழகிப்போன, கொஞ்சம் களைத்துப்போன ஒருவனாகவே அவனை முதன்முதலில் சந்திக்கிறோம். அப்படித் தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நம் ஊரில் இருக்கும் சாதாரணக் கணினியில் ஓடுமா?

குறைந்தது 8 ஜிபி ரேமும், 75 ஜிபி இடமும், ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டும் தேவை. என்னுடையது நான்கைந்து ஆண்டு பழைய கணினி. நிழலையும் கண்ணாடிப் பிரதிபலிப்பையும் குறைத்துவைத்த பிறகு தடங்கலின்றி ஓடியது. விசைப்பலகையிலும் ஆடலாம் என்றாலும் கன்ட்ரோலர் இருந்தால்தான் கை பழகும். யூபிஎஸ் இல்லாதவர்கள் அஞ்ச வேண்டாம், விளையாட்டு தானாகவே அடிக்கடி சேமித்துக்கொள்கிறது. இறுதிச் சண்டையின் நடுவில் எனக்கு மின்சாரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது அந்தச் சண்டையின் தொடக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான் இழப்பு.

வலையில் ஊசலாடிப் போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே, உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருக்கிறதா?

இருக்கிறது. ஏன் நன்றாக இருக்கிறது என்பதைச் சொல்வதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பழைய ஸ்பைடர்மேன் விளையாட்டுகள் சிலவற்றில் அவன் வீசும் வலை வானத்தில் ஏதோ ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்; மேலே என்ன இருக்கிறது என்று நாம் கேட்கக் கூடாது. இதில் வலை ஒட்டுவதற்குப் பக்கத்தில் உண்மையாகவே ஒரு கட்டடமோ மரமோ இருக்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் வலை பற்றிக்கொள்கிறது, விட்டால் அறுபடுகிறது. எந்த நொடியில் விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊசல் கீழே வந்து முன்னேறும் நேரத்தில் விட்டால் வேகமாக முன்னோக்கிப் பாய்கிறான். இன்னும் சற்றுப் பொறுத்து, மேலேறும்போது விட்டால் உயரம் கிடைக்கிறது, ஆனால் வேகம் குறைகிறது.

மேட்டூரில் ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் திறந்து, அது பாமணி ஆற்றுக்கு வந்து சேர்ந்ததும், கரையிலிருக்கும் ஆலமரத்து விழுதைப் பிடித்து ஆடி ஆற்றின் நடுவில் குதித்த எவருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீக்கிரம் விட்டால் கரையோரச் சேற்றில் விழுவோம்; தாமதமாக விட்டால் விழுது நம்மைத் திருப்பிக் கரைக்கே கொண்டுவந்துவிடும். இரண்டாம் நாளே என் கை அந்த நொடியைத் தானாகக் கண்டுபிடித்தது; மூளை அதற்குப் பின்னால்தான் வந்தது.

இன்னொரு நுட்பத்தை நான் பாதி விளையாட்டு முடிந்த பிறகே கவனித்தேன். பீட்டருக்குக் குரல் கொடுத்த யூரி லோவென்தால் பல வசனங்களை இருமுறை பேசிப் பதிவு செய்திருக்கிறார்: சும்மா நிற்கும்போது பேசுவதற்கு ஒன்று, ஊசலாடிக்கொண்டே மூச்சிரைக்கப் பேசுவதற்கு ஒன்று. தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது நாம் கூரையிலிருந்து குதித்தால் அந்த வாக்கியத்திலேயே அவன் குரல் மாறுகிறது. யாரும் பாராட்டப்போவதில்லை என்று தெரிந்தே செய்யப்படும் வேலையின்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

நம் டெல்டாவில் ஸ்பைடர்மேன் இருந்தால் என்ன செய்வான்?

சித்தப்பாவின் இளைய மகன் வாரம் ஒருமுறை கேட்கும் கேள்வி இது. நடந்துதான் போவான். விளையாட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது: கதை நடக்கும் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியின் நடுவிலுள்ள சென்ட்ரல் பார்க்குக்குள் நுழைந்தவுடன் உயரமான கட்டடங்கள் மறைந்துவிட, மரக்கிளைகளைப் பிடித்துத் தரையைத் தொடாத குறையாகத் தாழ்ந்து போக வேண்டியிருக்கிறது. நம்மிடம் மன்னார்குடி ராஜகோபுரம் இருக்கிறது, உயரம் 154 அடி; திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து நிற்கும்போது 96 அடி. இரண்டுக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டருக்கு நெல்வயலும் வாய்க்காலும் மின்கம்பமும்தான். தென்னையைப் பிடித்துக்கொள்ளலாமே என்று அவன் விடாமல் கேட்கிறான். பிடித்துக்கொள்ளலாம், பேராவூரணிப் பக்கம் போனால் இன்னும் வசதி.

சண்டை எப்படி? பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால் போதுமா?

நடுத்தர நிலையில் அப்படி ஆடினால் ஐந்தாவது நிமிடத்தில் செத்துப்போவோம். அடி விழப்போகும்போது பீட்டரின் தலையைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் மின்னும். அந்த நேரத்தில் விலகத் தெரிய வேண்டும். 2009-இல் வந்த பேட்மேன் விளையாட்டான ‘ஆர்க்கம் அசைலம்’ வகுத்த பாதையிலிருந்து பிறந்த முறை இது என்றாலும், பேட்மேன் தரையில் ஊன்றி நின்று அடிப்பவன்; இவன் தரையில் நிற்பதே இல்லை. எதிரியை மேலே தூக்கிக் காற்றிலேயே அடிப்பது, சாக்கடை மூடியை வலையில் கட்டிச் சுழற்றுவது, ஆளைச் சுவரோடு ஒட்டவைப்பது என்று கைக்கு வேலை ஓயாது. நான் ரசித்தது ஒரு சின்ன ஏற்பாட்டை. அடித்து அடித்து ஒரு பட்டை நிரம்புகிறது. அதைக் கொண்டு காயத்தை ஆற்றிக்கொள்ளலாம், அல்லது ஒருவனை ஒரேயடியில் வீழ்த்தலாம். கையில் இருக்கும் நெல்லை விதைக்கு வைப்பதா உலையில் போடுவதா என்ற பழைய சிக்கல்தான். நான் பெரும்பாலும் உலையில் போட்டேன்.

கதைச் சுருக்கம் என்ன?

இரவில் குற்றவாளிகளைப் பிடிக்கும் பீட்டர், பகலில் ஆட்டோ ஆக்டேவியஸ் என்னும் அறிவியலாளரின் ஆய்வகத்தில், கைகால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்புகள் செய்யும் வேலையில் உதவியாளனாக இருக்கிறான். அவனை வளர்த்த பெரியம்மா மே, வீடற்றவர்களுக்கு உணவும் படுக்கையும் தரும் ‘ஃபீஸ்ட்’ என்ற முகாமில் வேலை செய்கிறார். அந்த முகாமை நடத்தும் மார்ட்டின் லீ என்ற அன்பான மனிதர்தான் மிஸ்டர் நெகட்டிவ் என்னும் கொடியவன் என்பது பிறகு தெரியவருகிறது. நகர மேயர் நார்மன் ஆஸ்பார்ன் தன் மகனின் நோயைத் தீர்ப்பதற்காக உருவாக்கவைத்த ஒன்று, நோய் தீர்ப்பதற்குப் பதிலாகக் கொல்லும் கிருமியாக மாறிவிட, ‘டெவில்ஸ் பிரெத்’ எனப்படும் அது நகரத்தில் பரவுகிறது. இவ்வளவுக்கும் நடுவில் பீட்டருக்கு வாடகை பாக்கி. வீட்டுக்காரர் அவனுடைய பொருள்களைக் குப்பையில் போட்டுவிட, ஊரைக் காக்கும் வீரன் குப்பை லாரிகளைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். வீடு போனபின் அவன் படுத்துறங்கப் போகும் இடமும் அந்த முகாம்தான்.

வில்லன்களில் யார் சிறந்தவர்?

டாக்டர் ஆக்டோபஸ் ஆகப்போகும் ஆக்டேவியஸ்தான். அவரோடு சேரும் எலெக்ட்ரோ, வல்ச்சர், ரைனோ, ஸ்கார்பியன் ஆகியோர் வருகிறார்கள், அடிபடுகிறார்கள், மறந்துபோகிறார்கள். ஆக்டேவியஸ் அப்படியல்லர். நரம்பு நோயால் தம் உடல் தம் சொல்லைக் கேட்காமல் போகப்போவதை அறிந்தவர்; ஒருகாலத்தில் தம்மோடு இருந்த நார்மன் அரசியலில் உயர்ந்துகொண்டே போவதைப் பார்த்துப் புழுங்குபவர். பிறந்தநாள் கேக் சாப்பிட்டாயா என்று உதவியாளனை விசாரிக்கும் ஆசிரியரைப் போலவே அவர் நெடுநேரம் நமக்குத் தெரிகிறார்.

விளையாட்டு இங்கே ஒரு தந்திரம் செய்கிறது. ஆய்வகத்தில் சுற்றுகளை இணைப்பது, சேர்மங்களைக் கண்டுபிடிப்பது என்று சிறு புதிர்களை நாம்தான் விடுவிக்கிறோம். அலுப்பான வேலை என்று முதலில் எரிச்சலடைந்தேன். பின்னர், மூளையோடு நேரே இணைக்கப்பட்ட அந்த நான்கு உலோகக் கரங்கள் முதுகில் அசைய, அவர் நகரத்தின்மேல் பகைகொண்டு நிற்கும்போது, அந்தக் கரங்களைச் செய்ததில் என் கையும் இருந்தது என்ற நினைப்பு உறுத்தியது. ஒரு திரைப்படத்தால் இந்த உறுத்தலைத் தர முடியாது.

மே ‘ஆன்ட்டி’தானே? நீங்கள் ஏன் ‘பெரியம்மா’ என்கிறீர்கள்?

முறை அதுதான் என்பதால். பென், பீட்டரின் அப்பாவுக்கு அண்ணன். அவருடைய மனைவி நமக்குப் பெரியம்மா. ஆங்கிலத்தில் அத்தை, மாமி, சித்தி, பெரியம்மா எல்லோரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், தமிழில் பேசும்போது நாமும் ‘மே அத்தை’ என்று சொல்லிவிடுகிறோம். அத்தை என்றால் நம் ஊரில் உரிமையும் கேலியும் கலந்த வேறு உறவு. அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்தவரைப் பெரியம்மா என்று சொன்னபோதுதான் எனக்கு இந்தக் கதை முழுதாகப் புரிந்தது.

முடிவில் அழுதுவிட்டீர்களாமே?

ஆம். நோய்த்தொற்று முகாமிலும் புகுந்து, மேவும் படுத்த படுக்கையாகிறார். ஆக்டேவியஸை வென்று பீட்டர் கொண்டுவரும் மருந்து ஒரே ஒரு குப்பி. அதை இப்போதே அவருக்குச் செலுத்தினால் அவர் பிழைப்பார். ஆனால் அதைப் பார்த்து மற்றவர்களுக்கு மருந்து தயாரிக்க முடியாமல் போய்விடும். முகமூடியைக் கழற்று, உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார் மே. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பீட்டர் ஊசியைக் கையில் எடுத்து, கீழே வைத்துவிடுகிறான்.

எனக்கு அந்த இடத்தில் வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. இந்த விளையாட்டு வெளிவந்த அதே 2018-இல், நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. எங்கள் ஊரில் ஓட்டு வீடுகள் பலவற்றின் கூரை போயிற்று. 18 நாள் மின்சாரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தது. அங்கே மூன்று வேளையும் கரண்டி பிடித்துப் பரிமாறியவர் என் பெரியம்மா. அவர் வீட்டுக் கூரையும் பாதி காணாமல் போயிருந்தது. மூன்றாம் நாள் வெளியூரிலிருந்து 40 தார்ப்பாய்கள் வந்தன, வீடுகள் அதைவிட அதிகம். பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு பெரியம்மாவின் மகனான என் அண்ணனிடம் இருந்தது. கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் தொடங்கி அவர் கொடுத்துக்கொண்டே வந்தார். சொந்த வீட்டுக்கு முன்னாலேயே தார்ப்பாய் தீர்ந்துபோயிற்று. பெரியப்பா இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. பெரியம்மா அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், மறுநாள் காலையிலும் பள்ளிக்கூடத்துக்குப் போய் உப்புமா கிளறினார்.

உயிரும் தார்ப்பாயும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் ஃபீஸ்ட் முகாமுக்குள் பீட்டரை நடத்திக்கொண்டு போகும்போதெல்லாம், படுக்கைகளுக்கு இடையே தட்டோடு நிற்கும் மேவைப் பார்த்தவுடன் எனக்கு அந்தப் பள்ளிக்கூட வராந்தாதான் தெரிந்தது.

அந்தக் கடைசி முடிவை ஆடுபவரிடம் விட்டிருக்க வேண்டாமா?

என் நண்பர் ஒருவர் இதில் மிகவும் பிடிவாதமாக இருக்கிறார். இருபது மணிநேரம் நம் விரலால் நடந்தவன், மிக முக்கியமான நொடியில் நம்மைக் கேட்காமல் தானே முடிவெடுப்பது விளையாட்டின் இலக்கணத்துக்கே விரோதம் என்பது அவர் வாதம். இரண்டு பொத்தான்களைக் காட்டி, இரண்டு முடிவுகளை வைக்கும் விளையாட்டுகள் நிறைய உண்டு என்பதும் உண்மைதான்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் கையில் விட்டிருந்தால் நான் பெரியம்மாவைக் காப்பாற்றியிருப்பேன். அதன்பின் முந்தைய சேமிப்புக்குத் திரும்பி, மற்ற முடிவு எப்படியிருக்கும் என்றும் பார்த்திருப்பேன். இரண்டையும் பார்த்தவனுக்கு இரண்டும் காட்சிகளாகவே மிஞ்சும். கன்ட்ரோலரை நம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதால்தான், அவனுடைய முடிவை மாற்ற வழியில்லாமல் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. பெரியப்பா நின்ற இடம் அது.

பிடிக்காதவை எதுவும் இல்லையா?

இருக்கின்றன. பீட்டரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அவன் தோழி மேரி ஜேனாகவும் சிறுவன் மைல்ஸாகவும் ஒளிந்து ஒளிந்து நடக்க வேண்டிய பகுதிகள் வேகத்தைக் கெடுக்கின்றன. மைல்ஸின் தந்தை, காவலர் ஜெஃபர்சன் டேவிஸ், குண்டுவெடிப்பில் இறக்கும் காட்சிக்கு அருகில் வரும் பகுதிக்கு மட்டும் விலக்கு அளிக்கிறேன். அங்கே ஒன்றும் செய்ய இயலாத ஒரு பையனாக நடக்கவைத்தது சரிதான். தெருக் குற்றங்கள் மூன்று நான்கு வகைதான், மறுபடி மறுபடி அவையே வருகின்றன; முப்பதாவது முறையாக ஒரு காரைத் துரத்தும்போது வீரமெல்லாம் தினக்கூலி வேலைபோல் ஆகிவிடுகிறது. நகரம் முழுவதும் கண்காணிப்புக் கோபுரங்களைப் பீட்டர் தானே பழுதுபார்த்துக் காவல்துறைக்குத் தருவதும், அதைப் பற்றி அவனுக்கு ஒரு கேள்வியும் எழாததும் எனக்கு நெருடலாக இருந்தது.

வெளியீட்டுக்கு முன் காட்டிய முன்னோட்டத்தைவிடத் தரையில் தேங்கிய நீர் குறைந்துவிட்டது என்று 2018-இல் இணையத்தில் பெரிய சண்டையே நடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வாசலில் நீர் தேங்கும் ஊர்க்காரனுக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

பக்க வேலைகளைச் செய்ய வேண்டுமா?

பழைய முதுகுப்பைகளைத் தேடுங்கள், மொத்தம் 55. பீட்டர் பள்ளிக் காலத்திலிருந்து ஊரெங்கும் விட்டுவந்தவை, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளும் அதைப் பற்றி அவன் சொல்லும் இரண்டு வரியும் இருக்கும். நார்மனின் மகன் ஹாரி ஆஸ்பார்ன் விட்டுச்சென்ற ஆய்வு நிலையங்களும் நன்று. காற்றின் மாசு, நீரின் மாசு என்று சூப்பர் ஹீரோக்கள் பொதுவாகக் கவனிக்காத எதிரிகள் அங்கே வருகின்றன. ஹாவர்ட் என்ற வீடற்ற முதியவரின் புறாக்களைப் பிடித்துக் கொடுக்கும் வேலையை மட்டும் எக்காரணத்தாலும் விடாதீர்கள். டாஸ்க்மாஸ்டர் என்னும் எதிரி வைக்கும் சவால்களை நான் பாதியில் விட்டுவிட்டேன்.

எத்தனை மணிநேரம் ஆகும்?

எனக்கு முதன்மைக் கதைக்கு 20 மணிநேரம், மற்றவற்றோடு சேர்த்து 34.

சிறுவர்கள் ஆடலாமா? தமிழில் இருக்கிறதா?

அமெரிக்கத் தர அமைப்பு பதின்ம வயதினருக்கு என்றும், ஐரோப்பிய அமைப்பு 16 வயதுக்கு மேல் என்றும் வகைப்படுத்தியிருக்கின்றன. இரத்தம் அதிகமில்லை, குண்டுவெடிப்பும் நோயும் மரணமும் உண்டு. சித்தப்பாவின் இளைய மகனுக்கு ஊசலாட மட்டும் கொடுக்கிறேன். தமிழ்க் குரலோ தமிழ் வசன வரிகளோ இதில் இல்லை. அம்மாவுக்கு நான்தான் உடனுக்குடன் சொல்லிக்கொண்டு வந்தேன். முறைப்பெயர்கள் சரியாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த பாகங்கள்?

மைல்ஸை நாயகனாகக் கொண்ட பாகம் 2020-இலும், இரண்டாம் பாகம் 2023-இலும் வந்தன. இரண்டும் பிற்பாடு கணினிக்கும் வந்துவிட்டன. நான் இன்னும் தொடவில்லை.

முடித்த பிறகும் தினமும் மாலையில் திறந்து வைத்திருக்கிறீர்களே, என்ன செய்கிறீர்கள்?

எஞ்சியிருக்கும் மூன்று முதுகுப்பைகளைத் தேடுவதாகச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அந்த நேரத்தில் அம்மா இரவுச் சமையலுக்குக் காய் நறுக்க என் அறைக்கு வந்துவிடுகிறார். சண்டை அவருக்குப் பிடிக்காது. தாவிப் போவதைச் சற்று நேரம் பார்ப்பார், பிறகு தலை சுற்றுகிறது என்பார். “அந்தப் பிள்ளையை எங்கேயாவது கொஞ்சம் உட்கார வைடா” என்று அவர் சொன்னதும், ஆற்றைப் பார்த்தபடியிருக்கும் ஏதாவதொரு மாடி விளிம்பில் பீட்டரைக் கொண்டுபோய்க் குந்தவைத்துவிட்டுக் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவேன். அம்மா வெங்காயம் உரித்து முடிக்கும்வரை அவன் அங்கேயே இருப்பான்.